‘அப்படியொரு பணியிடம் இல்லை’ என்ற பதிலுக்கு: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுத் தலைவர் அவர்களுக்கு,

சென்ற மாதம் தங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த கடிதத்தில் மூன்றே வாக்கியங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்காகக் குற்ற வழக்குகளில் வாதாடும் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் அலுவலகத்தில் சமூகப் பணியாளர் என்றொரு பணியிடம் அனுமதிக்கப்படவில்லை என்பது முதலாவது. கட்சிக்காரர்களின் ரகசியம் காக்கப்பட வேண்டியிருப்பதால் வெளியாட்கள் வழக்கறிஞர்களோடு சிறைக்குள் செல்வதையும் கேஸ் கட்டுகளைப் பார்ப்பதையும் இனி அனுமதிக்க இயலாது என்பது இரண்டாவது. தேவைப்படும் இடங்களில் சட்டத் தன்னார்வலர்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது மூன்றாவது. மூன்று ஆண்டுகளாகச் சம்பளமில்லாமல் செவ்வாயும் வெள்ளியும் அந்த அலுவலகத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்த என்னை, அந்தக் கடிதம் வாசலிலேயே நிறுத்திவிட்டது.

சம்பளமில்லாத வேலை போய்விட்டதே என்று யாரும் மடல் எழுதுவதில்லை. முதல் வாக்கியம் உண்மை, இரண்டாவது பாதி உண்மை, மூன்றாவது தவறு. அதனால்தான் எழுதுகிறேன். நேரில் சொல்லலாம் என்று இரண்டு முறை வந்து, மாவட்ட நீதிபதியுமான தாங்கள் நீதிமன்ற அமர்வில் இருப்பதாகச் சொல்லப்பட்டுத் திரும்பினேன். ஊரின் பெயரை இந்த மடலில் எங்கும் எழுதவில்லை. எந்த மாவட்டத்தில் கேட்டிருந்தாலும் இதே மூன்று வாக்கியங்கள்தான் வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஒரு பையனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வயது பத்தொன்பது. வயல்வெளியில் ஒரு மோட்டார் கொட்டகையின் தாமிரக் கம்பியை அறுத்துத் திருடியதாக வழக்கு. உடனிருந்ததாகச் சொல்லப்பட்ட இரண்டு பேர் தலைமறைவு. மூட்டையோடு நின்றவன் இவன் மட்டும். சிறை நேர்காணல் அறையில் அன்று காலை அந்த இளம் வழக்கறிஞர் பார்க்க வேண்டியவர்கள் பதினொரு பேர். இவன் ஏழாவது ஆள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“எஃப்.ஐ.ஆரில் எழுதியிருப்பது நடந்ததுதானா?”

“ஆமாம் சார்.”

“ஒப்புக்கொண்டால் உள்ளே இருந்த நாட்களையே தண்டனையாகக் கழித்துக்கொண்டு வெளியே போய்விடலாம். சரியா?”

“சரி சார்.”

நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. வழக்கறிஞர் குறிப்பேட்டில் ‘ஒப்புக்கொள்ள விருப்பம்’ என்று எழுதினார். அதில் தவறு காண முடியாது. கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் வந்திருக்கிறது. பையனின் சிரிப்புதான் எனக்கு உறுத்தியது. கேள்வி முடிவதற்கு முன்பே சிரிப்பு வந்துவிடுகிறது, பதிலும் வந்துவிடுகிறது. வழக்கறிஞரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நான் பேச்சுக் கொடுத்தேன். காலையில் சாப்பிட்டாயா? ஆமாம். கொஞ்சம் பொறுத்து, காலையில் சாப்பிடவே இல்லையா? ஆமாம். வீட்டில் மாடு இருக்கிறதா? ஆமாம். எத்தனை மாடு? பையன் என்னைப் பார்க்கவில்லை. விடை அங்கே எழுதியிருப்பதைப் போல வழக்கறிஞரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவனுடைய வீட்டுக்குப் போனேன். இரண்டு பஸ் மாறி, வாய்க்கால் கரையில் அரை மணி நேர நடை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். பொழுது சாயும்வரை காத்திருந்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்து, அதிலிருந்து ஏதோ கல்யாண வீட்டுத் தாம்பூலத்தில் வந்த மஞ்சள் பையை எடுத்து என் மடியில் வைத்தார். குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், ஐந்தாம் வகுப்போடு நின்ற பள்ளி மாற்றுச் சான்றிதழ். எல்லாவற்றுக்கும் அடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை. அறிவுசார் குறைபாடு, 65 விழுக்காடு. அட்டையிலிருந்த புகைப்படத்தில் அவனுக்கு ஒன்பது வயது இருக்கும். அதிலும் அதே சிரிப்பு.

இதை ஏன் யாரிடமும் காட்டவில்லை என்று கேட்டேன். “போலீஸ்காரர் கேட்கவில்லை. வக்கீல் ஐயா கேட்கவில்லை. கேட்காமல் எதைக் காட்டுவது?” என்றார்.

அந்த வங்கிப் புத்தகத்தில் மாதந்தோறும் அரசின் பராமரிப்பு உதவித்தொகை வரவு வைக்கப்பட்டிருந்தது. ஒரு துறையின் கணினியில் அவன் அறிவுசார் குறைபாடுள்ள பயனாளி. இன்னொரு துறையின் கணினியில் முதலாம் எதிரி. குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்றுதானே நம் நீதிமன்றத் தமிழ் அழைக்கிறது! யாருக்கு எதிரி என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

அட்டை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டது. ஒப்புதல் மனு போடவில்லை. நீதிமன்றம் மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிட்டு, அம்மாவின் உறுதிமொழியில் அவனைப் பிணையில் விட்டது. வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அவன் கம்பியை எடுத்தானா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. யாரோ மூட்டையைக் கையில் கொடுத்து ‘தூக்கிக்கொண்டு வா’ என்றிருக்கலாம். அதற்கும் ‘ஆமாம்’ என்றிருப்பான். அவன் நிரபராதி என்று நான் வாதாடவில்லை, அது வழக்கறிஞரின் வேலை. அந்த மஞ்சள் பையை எடுத்துவருவது யாருடைய வேலை என்பதுதான் என் கேள்வி.

அந்த இளம் வழக்கறிஞர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. காலை பத்தரை மணிக்கு நீதிமன்றத்தில் இருக்க வேண்டியவர் வாய்க்கால் கரையில் நடக்க முடியாது. குறை திட்டத்தில் இருக்கிறது. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2022-இல் விரிவுபடுத்திய திட்டத்தைத் தாங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். குற்றவியல் வழக்குகளில் பத்து ஆண்டு அனுபவமுள்ள தலைமை வழக்கறிஞர், ஏழு ஆண்டு அனுபவமுள்ள துணை வழக்கறிஞர்கள், மூன்று ஆண்டுகள் வரை அனுபவமுள்ள உதவி வழக்கறிஞர்கள். அலுவலக உதவியாளர், தட்டச்சர், கடைநிலை ஊழியர். நல்ல திட்டம். முன்பெல்லாம் வாய்தாவுக்கு ஒரு வழக்கறிஞர் என்று மாறிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது முழுநேரமாக உட்காருகிறார்கள். ஆனால் எல்லா நாற்காலிகளும் நீதிமன்ற வளாகத்துக்குள் போடப்பட்டிருக்கின்றன. பஸ் ஏறிப் போவதற்கு ஒருவர்கூட இல்லை.

இதற்குத்தான் சட்டத் தன்னார்வலர்கள் என்கிறது தங்கள் கடிதம். அவர்களை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதத் தெரியாமல் நிற்பவர்களுக்கு அவர்கள்தான் துணை. ஆனால் அவர்களுக்குத் தரப்படும் பயிற்சி வேறு, இந்த வேலை வேறு. இதே பையனின் படிவத்தில் ஒரு தன்னார்வலர் ‘குடும்பத்தினர் யாரும் பார்க்க வரவில்லை’ என்று எழுதியிருந்தார். உண்மைதான். அம்மா ஏன் வரவில்லை? எந்தச் சிறை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும். ‘வரவில்லை’ என்பதற்கும் ‘வர முடியவில்லை’ என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் போய் அளந்து வருவதற்குப் பெயர்தான் சமூகப் பணி. எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலைப் பட்டம் வாங்கிவிட்டால் அது வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கே ஒன்பதாவது, பத்தாவது வீட்டில்தான் வந்தது. முதல் எட்டு வீடுகளில் நானும் படிவம்தான் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் தங்கள் காதுக்கு எட்டியிருக்குமா என்று தெரியவில்லை. சிறையில் இருப்பவர்கள் சட்ட உதவி வழக்கறிஞரைக் ‘கவர்மெண்ட் வக்கீல்’ என்கிறார்கள். சம்பளம் கொடுப்பது அரசு. வழக்குப் போட்டதும் அரசு. அப்படியானால் இவரிடம் உண்மையைச் சொல்வானேன் என்று பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். “இவர் உன் வக்கீல், அவர்தான் எதிர்த்தரப்பு” என்று விளக்குவதிலேயே எனக்கு எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் போயிருக்கின்றன. ஊருக்குப் போய் அவர்களுடைய ஆத்தாளையோ தங்கையையோ பார்த்து, ‘மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டாயிற்று என்று சொல்லச் சொன்னார்கள்’ என்று ஒரு சேதியைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் பேச்சு தொடங்கும்.

பிணை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கொத்தனார். கைதாகி மூன்று வாரத்தில் பிணை கிடைத்துவிட்டது. தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், அவர்களில் ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதன் பிறகும் நான்கு மாதம் உள்ளேயே இருந்தார். செல்பேசி காவல் நிலையத்தில். யாருடைய எண்ணும் மனப்பாடம் இல்லை. “எங்கள் ஊரில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு சைக்கிள் கடை இருக்கும்” என்பதுதான் அவர் தந்த முகவரி. கடையைக் கண்டுபிடித்துவிட்டேன். கடைக்காரர், “அவனா? துபாய்க்குப் போய்விட்டான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறோம்” என்றார். கொத்தனாரின் அக்கா வீட்டு வரி ரசீதை முந்தானையில் முடிந்துகொண்டு என்னோடு கிளம்பினார். ரசீது செத்துப்போன மாமனார் பெயரில் இருந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்க மூன்று நாள். அதற்குப் பிறகுதான் விடுதலை.

உச்ச நீதிமன்றம் 1978-இல் மோதிராம் வழக்கில் சந்தித்ததும் ஒரு கொத்தனாரைத்தான். பிணை கிடைத்த பிறகும் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்கப்பட்டது. அண்ணன் தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அந்த உத்தரவாதம் நிராகரிக்கப்பட்டது. நீதிபதி கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய்க்கு அவருடைய சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னார். அப்போது நான் பிறக்கவே இல்லை. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் எழுதியது: பிணை உத்தரவாகி ஏழு நாட்களில் வெளிவராதவர்களைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் தங்கள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், கைதியின் சமூக, பொருளாதார நிலை குறித்து அறிக்கை தயாரித்து, நிபந்தனையைத் தளர்த்தக் கோரி நீதிமன்றத்தில் வைக்கலாம், உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவதும் விடுதலை தாமதமாவதற்கு ஒரு காரணம். அதே ஆண்டில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தையும் கொண்டுவந்தது. அப்போது வைத்த வரம்பு, விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய். உத்தரவு இருக்கிறது, பணமும் இருக்கிறது. அறிக்கையை யார் எழுதுவது? தகவல் இல்லாமல் எழுதப்பட்ட இத்தகைய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். ‘மனுதாரர் ஏழ்மையானவர், கூலி வேலை செய்பவர்’ என்று எல்லாருக்கும் ஒரே வரி. பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். இத்தனை பேருக்கும் அதே ஒரு வரி போதுமா?

தண்டனை பற்றிய விசாரணையைத் தாங்கள் தினமும் நடத்துகிறீர்கள். நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தீர்ப்பு வாசித்தாயிற்று, குற்றவாளி. தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று நீதிமன்றம் கேட்கும். கூண்டில் நிற்பவர், “இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் ஐயா, குறைந்த தண்டனை கொடுங்கள்” என்பார். கூண்டில் ஏறிய அத்தனை பேரும் சொல்லும் வாக்கியம் அது. நான் பார்த்த ஒரு பெண்ணும் அதைத்தான் சொன்னார். கணவரை அரிவாள்மனையால் தாக்கிய வழக்கு. நான் சற்றுத் தாமதமாக உள்ளே வந்த வழக்கு அது. தீர்ப்புக்குப் பிறகுதான் அரசு மருத்துவமனையின் பழைய பதிவேடுகளில் அவருடைய பெயரைத் தேடினோம். மூன்று முறை அடிபட்டு வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் ‘படிக்கட்டில் விழுந்தார்’ என்று ஏ.ஆர். காப்பியில், அதாவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில், எழுதப்பட்டிருக்கிறது. அவருடைய வீட்டில் படிக்கட்டே கிடையாது. ஒற்றை அறை ஓட்டு வீடு. வாசலில் ஒரு கல் மட்டும் உண்டு. இது மேல்முறையீட்டில் உதவலாம். விசாரணை நீதிமன்றத்தில், அந்தக் கேள்வி கேட்கப்பட்ட ஐந்து நிமிடத்தில், அது யார் கையிலும் இல்லை.

குற்றத்தை மட்டும் பார்க்காமல் குற்றம் செய்தவரையும் பார்க்க வேண்டும் என்று 1980-இல் பச்சன் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது. 2022 மே மாதம், மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில், குடும்பப் பின்னணி, படிப்பு, வருமானம், மனநிலை, சிறையில் நடத்தை எல்லாவற்றையும் விசாரணை நீதிமன்றக் கட்டத்திலேயே திரட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விரிவாக வழிகாட்டியது. இரண்டுமே தூக்குத் தண்டனை வழக்குகளுக்கானவை. கயிறு கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஒருவரின் சிறுவயதைப் பற்றி விசாரிப்போம் என்றால், ஏழாண்டு, பத்தாண்டு போகிறவர்களுக்குச் சிறுவயதே இருந்ததில்லையா?

நம் சட்டத்துக்கு இது தெரியாத சங்கதியும் அல்ல. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி அமையும் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் அமர்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பிடிபட்ட சிறுவரின் வீட்டைப் பற்றிப் பதினைந்து நாளில் சமூக விசாரணை அறிக்கை வர வேண்டும். தாமிரக் கம்பிப் பையன் பதினேழு வயதில் பிடிபட்டிருந்தால் தீர்ப்புச் சொல்லும் இடத்திலேயே எங்கள் ஆட்கள் இருவர் இருந்திருப்பார்கள். பத்தொன்பதில் பிடிபட்டதால், வழக்கறிஞருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரக்கூட எங்களுக்கு இடமில்லை.

நன்னடத்தை அலுவலர்கள் இருக்கிறார்களே என்று தாங்கள் கேட்கலாம். 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் அருமையான சட்டம். இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவரைச் சிறைக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்கும் முன் அந்த அலுவலரின் அறிக்கையைக் கேட்க வேண்டும் என்கிறது அதன் 6-வது பிரிவு. ஆனால் அந்த அறிக்கை நீதிமன்றத்துக்கு உரியது. நல்லதும் கெட்டதும் அதில் வரும், வரத்தான் வேண்டும். அவரிடம் போய் ‘நீங்கள் எங்கள் கட்சி’ என்று சொல்ல முடியாது. நான் கேட்பது எங்கள் கட்சியில் ஒரு ஆள்.

இப்போது ரகசியம். தங்கள் கடிதத்தில் எனக்குக் கொஞ்சம் வலித்ததும் இதுதான், நியாயமாகப் பட்டதும் இதுதான். ஒரு முறை ஒருவருக்கு ஜாமீன்தாரர் தேடி அவருடைய வீட்டுக்குப் போனேன். மனைவி எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, “அக்கா, அவர் இப்போதைக்கு வெளியே வர வேண்டாம்” என்றார். கையைப் பார்த்தேன், காரணம் கேட்கவில்லை. நான் யாருடைய ஆள்? கட்சிக்காரரின் ஆள்தான். வழக்கறிஞரிடம் மட்டும் சொன்னேன். அவர் யோசித்து, வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டு முகவரிக்குப் பிணை கேட்டார். மனைவிக்கும் நிம்மதி, இவருக்கும் பிணை. எல்லாத் தடவையும் இப்படிச் சுமுகமாக முடிவதில்லை. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் என்று தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு என்னையும் விடாது. தெரிவித்தே ஆக வேண்டும். அதனால் எந்த வீட்டிலும் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன். சொன்னதும் எழுந்து போகச் சொன்ன வீடுகளும் உண்டு.

ஆகவே ரகசியம் பற்றிய தங்கள் கவலை சரி. அதற்குத் தாங்கள் கண்ட மருந்துதான் தவறு. இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதிநியத்தின் 132-வது பிரிவு கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதைக் காப்பாற்றுகிறது. அந்தக் காப்பு வழக்கறிஞரின் மொழிபெயர்ப்பாளருக்கும் குமாஸ்தாவுக்கும் பணியாளருக்கும் நீள்கிறது. வெளியிலிருந்து வந்துபோகும் தன்னார்வலருக்கு நீள்கிறதா? சந்தேகம்தான். அப்படியானால் ரகசியத்தைக் காப்பாற்றும் வழி, சமூகப் பணியாளரை வாசலில் நிறுத்துவதா, உள்ளே அழைத்து அலுவலகப் பணியாளராக்குவதா? தாங்கள் என்னை வெளியே அனுப்பச் சொன்ன அதே காரணம், எனக்கோ என்னைப் போன்ற இன்னொருவருக்கோ பணியிடம் வேண்டும் என்பதற்கான காரணம். அதே கடிதத்தில் தன்னார்வலர்களைப் பரிந்துரைத்திருப்பதை மறுபடி ஒரு முறை படித்துப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இது எங்குமே இல்லாத புதுமை என்று யாரும் சொல்ல வேண்டாம். மும்பையில் டாடா சமூக அறிவியல் கழகத்தின் ‘பிரயாஸ்’ 1990-லிருந்து சிறைகளிலும் காவல் நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களை வைத்து வேலை செய்துவருகிறது. அமெரிக்காவில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஏழைகளுக்காக வாதாடும் அலுவலகம் ஒன்றில் வழக்கறிஞரும் சமூகப் பணியாளரும் ஒரே குழு. பத்தாண்டு காலத்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை எடுத்துச் செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. அப்படிக் குழுவாக வாதாடியபோது சிறைத் தண்டனைக்கான வாய்ப்பு 16 விழுக்காடும், தண்டனைக் காலம் 24 விழுக்காடும் குறைந்தன. பிராங்க்ஸ் வேறு, நம் ஊர் வேறு. அங்கே இருக்கும் பணம் இங்கே இல்லை. ஆனால் இங்கே ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க ஆகும் செலவு, பெரும்பாலும் இரண்டு பஸ் டிக்கெட். பெண்களுக்கான கட்டணமில்லாப் பஸ் வந்ததிலிருந்து எனக்கு அதுவும் பல நாள் மிச்சம்.

என் கோரிக்கைகள் இவை.

சமூகப் பணியாளர் சிறை நேர்காணலுக்குச் செல்வதற்கான தடையை விலக்கிக்கொள்ளுங்கள். ரகசியக் காப்பு உறுதிமொழியை எழுத்தில் வாங்குங்கள். தலைமை வழக்கறிஞரின் கட்டுப்பாட்டில் மட்டுமே செயல்பட வேண்டும் என்று விதி போடுங்கள். கேஸ் கட்டை அலுவலகத்துக்கு வெளியே எடுக்கக் கூடாது என்று சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் கையெழுத்திடுகிறேன்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு வழக்கறிஞர் அலுவலகத்தில் இரண்டு சமூகப் பணியாளர் பணியிடங்கள், அவற்றில் ஒன்றாவது பெண்ணுக்கு என்று, மாநில ஆணைக்குழு வழியாகத் தேசிய ஆணைக்குழுவுக்கு முன்மொழிவு அனுப்புங்கள். ‘திட்டத்தில் இல்லை’ என்ற பதிலைத் தாங்கள் எனக்கு அனுப்பலாம். திட்டத்தைத் திருத்தக் கேட்கும் இடத்திலும் தாங்கள்தான் இருக்கிறீர்கள். அந்தப் பணியிடத்துக்கு என்னையே எடுக்க வேண்டும் என்று கேட்கவில்லை. என்னைவிடச் சின்னவர்கள், நன்றாக நடக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

அது வரும்வரை, சமூகப் பணிக் கல்லூரிகளோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப் பணிப் பள்ளியிலிருந்து மாவட்டக் கல்லூரிகள் வரை எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்கள் எல்லாருக்கும் களப்பணி கட்டாயம். மருத்துவமனைக்கும் காப்பகத்துக்கும் போகிறவர்களில் இரண்டு பேரை, அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் இங்கே அனுப்பச் சொல்லலாம். ஒரு எச்சரிக்கை: அவர்களைப் படிவம் நகலெடுக்க உட்கார வைத்துவிடாதீர்கள்.

கட்சிக்காரரின் வீட்டுப் பின்னணி பற்றிய ஒரு பக்கத் தாள் கட்டில் சேராமல் ஒப்புதல் மனு எதையும் தாக்கல் செய்யக் கூடாது என்று அலுவலகத்துக்குச் சுற்றறிக்கை விடுங்கள். பள்ளி, மருத்துவமனை, அடையாள அட்டை, கடைசியாக யாரோடு வசித்தார், யாருக்குச் சொல்ல வேண்டும்: ஐந்து கேள்விகள் போதும். இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவர் என்றால் 6-வது பிரிவின் அறிக்கையைக் கேட்டு வழக்கறிஞர் மனுப் போட வேண்டும் என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள். பிணை கிடைத்து ஏழு நாளாகியும் வெளிவராதவர்களின் பட்டியல் சிறையிலிருந்து வந்ததும், அது செயலாளரின் மேசையில் தங்காமல் வீட்டைத் தேடிப் போகிறவரின் கைக்கு அன்றே வர வேண்டும்.

கடைசியாக, அந்தப் பையன். அடுத்த மாதம் அவனை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப்போக வேண்டும். அம்மாவுக்கு அரசு மருத்துவமனையில் எந்தக் கட்டடம் என்று தெரியாது. வழக்கறிஞர் அந்த நேரத்தில் நீதிமன்றத்தில் இருப்பார். பையன் எதைக் கேட்டாலும் ‘ஆமாம்’ என்பான் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல ஒருவர் உடன் இருக்க வேண்டும். தற்போதைய உத்தரவுப்படி நான் போகக் கூடாது. அவனோடு யார் போவார்கள் என்பதை மட்டுமாவது, இந்த மடலுக்கான பதில் வருவதற்குக் காத்திருக்காமல், இந்த வாரத்துக்குள் அந்த அம்மாவுக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அலுவலகத்துக்குச் செவ்வாயும் வெள்ளியும் வந்துகொண்டிருந்த சமூகப் பணியாளர்